உங்கள் தெரு ஓடையின் கணக்கைக் கேட்கலாம்

நாகர்கோவில் வடசேரியில் உங்கள் தெருவில் போன வருடம் கட்டிய கழிவுநீர் ஓடையின் மூடி, இந்த மழையில் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலரிடம் சொன்னீர்கள். மாநகராட்சி அலுவலகத்திலும் சொன்னீர்கள். “பார்க்கிறோம்” என்றார்கள். அதற்கு மேல் உங்களால் என்ன செய்ய முடியும்?

முதலில், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். 2019 முதல் நாகர்கோவில் ஒரு மாநகராட்சி. அதில் 52 வார்டுகள். கவுன்சிலர் நீங்கள் தேர்ந்தெடுத்தவர். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். ஆணையரையும் பொறியாளரையும் நியமிப்பது அரசு. அவர்களை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் வேலை பார்ப்பதும் உங்கள் வரிப்பணத்தில்தான். அவர்களிடம் கணக்குக் கேட்க உங்கள் கையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதாதா? கொடுங்கள், மனு ரசீதையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். குறையைச் சொல்ல மனு சரியான வழி. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, கோப்பையே பார்க்க வேண்டும். அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம்.

என்ன கேட்க வேண்டும்? இங்கேதான் பலருடைய விண்ணப்பம் வீணாகிறது. “ஏன் ஓடை உடைந்தது?” என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத் தருவதுதான் சட்டப்படி அவர்கள் கடமை, விளக்கம் சொல்வதல்ல. அதனால் ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக்கின் (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல்.

இதில் எம்-புக்தான் முக்கியம். ஓடையின் நீளம், அகலம், ஆழம், கான்கிரீட்டின் கனம் எல்லாம் அதில் இருக்கும். அந்த அளவை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கிறார்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி டேப் பிடித்து அளந்து பாருங்கள். புத்தகத்தில் 60 மீட்டர், தெருவில் 45 மீட்டர் என்றால், அடுத்த மனுவை அந்த நகலோடு கொடுக்கலாம். வேலை நடக்கும்போதே போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும்கூடச் சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

எப்படி எழுதுவது? வெள்ளைத்தாளில், தமிழிலேயே எழுதலாம். “பொதுத் தகவல் அலுவலர் (தகவல் தரும் பொறுப்புள்ள அதிகாரி), நாகர்கோவில் மாநகராட்சி” என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

“உனக்கு எதுக்குப்பா இது?” என்று கேட்பார்களோ என்ற தயக்கம் இருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வேலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாவிட்டாலும் அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால், 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

பதிலே வராவிட்டால்? 30 நாள் கெடு. அது தாண்டினால் மறுத்ததாகவே பொருள். பிறகு கொடுக்கும் நகலுக்குப் பணமும் வாங்கக்கூடாது. அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் சரியாகவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே தாமதமாகும், பொறுமை வேண்டும். ஆனால் தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். அது அவர் சொந்தப் பணம், மாநகராட்சிப் பணம் அல்ல.

அதிகாரியோடு சண்டைதான் போட வேண்டுமா? தேவையே இல்லை. ஒழுங்காக வேலை பார்த்த பொறியாளருக்கு அந்த எம்-புக்கே சாட்சி. மரியாதையாக, ஒரே விஷயத்தை, தெளிவாகக் கேட்டு எழுதுங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.