முதல் லடாக் பைக் ரைடு: எந்த பைக் என்பதை விட எத்தனை நாள் லீவு என்பது ஏன் முக்கியம்?

அட்வெஞ்சர் ரைடர் ஆகணும் என்ற ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் திறப்பது யூடியூப். அடுத்தது இஎம்ஐ கால்குலேட்டர். இமாலயனா, எக்ஸ்பல்ஸா, கேடிஎம்மா என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். ஆபீஸ் லீவு காலண்டரைத் திறப்பது கடைசியில்தான். "அஞ்சு நாள் லீவு, முன்னாடி பின்னாடி சனி ஞாயிறு. மொத்தம் ஒன்பது நாள். லே போயிட்டு வந்துடலாம் மச்சி" என்று வாட்ஸ்அப் குரூப்பில் முடிவாகிவிடும்.

இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. உயரமான மலைப் பயணத்தில் பைக்கை விட உங்கள் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது நாட்களின் எண்ணிக்கை. ஏன் என்று, இந்திய ரைடர்களின் கனவுப் பாதையான மணாலி–லே சாலையை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து மணாலிக்குச் சாலை வழியாக 2,600 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போக மட்டும் ஐந்து நாளுக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே அளவு. ஒன்பது நாள் லீவு மணாலியைத் தொட்டுவிட்டு வீடு திரும்பக்கூடப் போதாது.

ஆக, வீட்டு வாசலிலிருந்து ஓட்டிப் போய் வர வேண்டுமென்றால் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். அது முடியாதவர்கள் பைக்கை ரயில் பார்சலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பலாம், அல்லது மணாலியில் வாடகைக்கு எடுக்கலாம். வாடகை பைக் என்றால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் முறைப்படி வாடகைக்கு விடப் பதிவு செய்த வண்டி. இன்னொன்று: லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த பைக்கில் நுப்ரா, பாங்காங் பக்கம் சுற்றிப் பார்க்க லே உள்ளூர் வாடகை பைக் சங்கத்தினர் அனுமதிப்பதில்லை. அங்கே போக லேயில் வேறு பைக் எடுக்க வேண்டியிருக்கும்.

மலையில் உடம்புக்கு என்ன ஆகிறது?

'மேலே போனால் ஆக்சிஜன் குறையும்' என்கிறோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 3,500 மீட்டரில் உள்ள லேயில் காற்றழுத்தம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,300 மீட்டர் கணவாய்களில் ஏறக்குறைய பாதி.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். அதையும் மீறி மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அல்லது மூளை வீங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அபாய அறிகுறிகள். இவற்றுக்கு முதல் சிகிச்சை உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜன் சிலிண்டர் கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

'நான் தினமும் ஜிம்முக்குப் போறேன், எனக்கு வராது' என்று நினைக்காதீர்கள். உடற்தகுதி உயர நோயிலிருந்து காப்பாற்றாது. திடகாத்திரமானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதை விட, இரவு எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் இங்கே கணக்கு.

சர்ச்சு ஏன் ஒரு பொறி?

இப்போது அந்த விதியை மணாலி–லே வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியே போனால், ரோத்தாங் கணவாயில் ஏறாமலேயே லாஹௌல் பள்ளத்தாக்குக்கு வந்துவிடலாம். கேலாங் சுமார் 3,100 மீட்டர், ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். இதுவரை பிரச்சினை இல்லை.

அடுத்துப் பலரும் தங்குவது சர்ச்சு கூடார முகாமில். அதன் உயரம் சுமார் 4,290 மீட்டர். ஜிஸ்பாவிலிருந்து போனால் ஒரே இரவில் 1,000 மீட்டருக்கு மேல் கூடுகிறது, அதாவது விதியைப் போல் இரண்டு மடங்கு. சுரங்கப்பாதை வந்த பிறகு மணாலியிலிருந்து ஒரே நாளில் சர்ச்சு போவதும் எளிதாகிவிட்டது. அப்படிப் போனால் ஏற்றம் 2,200 மீட்டருக்கு மேல். சாலை நன்றாக ஆனதால் பயணம் வேகமாகியிருக்கிறது, நம் நுரையீரலின் வேகம் மாறவில்லை.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சர்ச்சுவில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் 'உடனே கீழே இறங்கு' என்பதுதான் வைத்தியம். ஆனால் சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க, முதலில் மேலே ஏற வேண்டும்! தெற்கே மணாலி பக்கம் 4,890 மீட்டர் பாரலாச்சா லா. வடக்கே லே பக்கம் 5,059 மீட்டர் லாச்சுங் லா, அதற்கப்பால் 5,300 மீட்டரைத் தாண்டும் தாங்லாங் லா. 'லா' என்றால் கணவாய். சர்ச்சுவைத் தாண்டிய பாங் முகாம் இன்னும் உயரத்தில், இதே மாதிரி இரு கணவாய்களுக்கு நடுவில் இருக்கிறது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தூங்கி, நடுவில் ஒரு நாள் உயரம் ஏறி இறங்கிப் பழகி, அதன் பிறகே மேலே போவார்கள். விமானத்தில் நேராக லேயில் இறங்கினால் 48 மணி நேரம் ஓய்வு என்பதும் இதே காரணத்தால்தான். அந்த நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. ஆனால் சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பதால், ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக்குக்கும் மூச்சு வாங்கும்

இன்ஜினும் காற்றைத்தான் குடிக்கிறது. சமவெளியில் 40 எச்பி தரும் பைக், 5,300 மீட்டரில் ஏறக்குறைய பாதிதான் தரும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டி, காற்றுக்கு ஏற்ப பெட்ரோலைக் குறைத்துச் சமாளிக்கும். ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. பில்லியன், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் கூடாரம் என்று ஏற்றிக்கொண்டு போனால் முதல் கியரில் உறுமிக்கொண்டே நிற்பீர்கள். பைக்கை மாற்றுவதை விட லக்கேஜைக் குறைப்பது லாபம்.

பெட்ரோல் கணக்கும் முக்கியம். கேலாங்குக்கு முன்னால் இருக்கும் தாண்டி பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று சொல்லும் பலகை ரைடர்களிடையே பிரபலம். அங்கே டேங்க்கை நிரப்பாமல் நகராதீர்கள். தாழ்ந்த கியரில் ஏறும்போது மைலேஜ் விழும் என்பதால் ஒரு கேனில் கூடுதலாகக் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது. அதேபோல, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தால்கூட லேயை நெருங்கும் வரை நீண்ட தூரத்துக்கு சிக்னல் இருக்காது.

சமவெளியை லேசாக நினைக்கலாமா?

கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் டூ வீலரில் போனவர்கள். இறந்தவர்களில் 66.5 சதவீதம் பேர் 18 முதல் 45 வயதுக்குள். அதாவது நம் வயசு. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

அதே அறிக்கையில் இன்னொரு எண்: விபத்துகளில் 67 சதவீதம் நேரான சாலையில் நடந்தவை. 'அப்போ வளைவுதான் பாதுகாப்பு' என்று இதைப் படிக்கக்கூடாது. நேரான சாலை அதிகம், அதில் ஓடும் வண்டியும் அதிகம். ஆனால் ஒன்று சொல்லலாம். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். நாக்பூர் தாண்டி நீளும் நான்கு வழிச் சாலையில், எட்டு மணி நேரம் ஓட்டிய களைப்பில், 'இன்னும் நூறு கிலோமீட்டர்தானே' என்று இருட்டில் முறுக்குகிறோமே, அங்கேதான் கவனம் போகிறது. நாட்டில் அதிக விபத்துகள் நடக்கும் நேரம் மாலை 6 முதல் இரவு 9 மணி வரை. சூரியன் மறையும் முன் ரூமுக்குள் போய்விடுவது என்ற ஒரே பழக்கம் பல ஆயிரம் ரூபாய் கியருக்குச் சமம்.

இதுவும் கடைசியில் லீவு பிரச்சினைதான். நாள் பற்றாதவர்தான் இருட்டில் ஓட்டுவார்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

அட்வெஞ்சர் ரைடிங்கின் அடிப்படை, மெதுவாக ஓட்டுவது. ஃபுட்பெக்கில் நின்றபடி உடம்பின் எடையை மாற்றுவது, கிளட்ச்சைப் பாதி பிடித்து நடக்கிற வேகத்தில் பேலன்ஸ் செய்வது, சரளைக்கல்லில் முன் பிரேக்கை முறைத்துப் பிடிக்காமல் இருப்பது, இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கியரிலேயே இறங்குவது, விழுந்த பைக்கைத் தனியாகத் தூக்குவது. ராயல் என்ஃபீல்டின் இமாலயன் 450 சுமார் 196 கிலோ. லக்கேஜோடு அது கீழே கிடக்கும்போது ஸ்பெக் ஷீட் ஞாபகத்துக்கு வராது.

இதற்கு முறையான பயிற்சி இப்போது கிடைக்கிறது. 2015-ல் டாக்கர் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், பெங்களூரு அருகே கோலாரில் பிக் ராக் டர்ட்பார்க் என்ற ஆஃப்-ரோடு பயிற்சிக் களத்தை உருவாக்கினார். அந்த மாதிரி இடத்தில் ஒரு வார இறுதியைச் செலவழித்தால் போதும், எது தெரியாது என்பதாவது தெரிந்துவிடும். அதோடு பஞ்சர் போட, செயின் டைட் செய்ய, கிளட்ச் கேபிள் மாற்ற உங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மலைச் சாலையில் குறுக்கே ஓடும் ஓடைகளை அங்கே 'நாலா' என்பார்கள். பனி உருகி வரும் தண்ணீர் அது. வெயில் ஏற ஏற அளவு கூடும். காலையில் சுலபமாகக் கடக்கக்கூடிய நாலா மதியத்துக்கு மேல் பைக்கை இழுத்துவிடும். அதனால் விடியற்காலையில் கிளம்புவதுதான் அங்கே வழக்கம்.

பணத்தை எதில் போடுவது?

புது அட்வெஞ்சர் பைக் ஆன்-ரோடு மூன்று லட்சத்தைத் தாண்டலாம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் 150 சிசி, 200 சிசி பைக் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். பலர் அப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள். முதல் செலவு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, தலைக்குச் சரியான அளவு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். அடுத்து, கணுக்காலை மூடும் பூட்ஸ், கிளவுஸ், ஆர்மர் உள்ள ஜாக்கெட், பேன்ட். அதன் பிறகு பிரேக் பேட், டயர், செயின். ஃபாக் லைட்டும் ஸ்டிக்கரும் கடைசியில்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். பைக் வைத்திருப்பவருக்குக் கட்டாயமான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து பாலிசி மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில்லுக்குத் தனி ஹெல்த் பாலிசி வேண்டும். அதில் என்னென்ன விலக்கு என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, எனக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

முதல் முறை லேயை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாளில் மணாலி போய்ச் சேருங்கள். மூன்றாம் நாள் பைக்கை எடுத்து, பிரேக், டயர் சரிபார்த்து, அக்கம்பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். நான்காம் நாள் சுரங்கப்பாதை வழியே கேலாங். ஐந்தாம் நாள் ஜிஸ்பா, பெரிதாக எதுவும் வேண்டாம். ஆறாம் நாள் விடியற்காலையில் கிளம்பி 4,890 மீட்டர் பாரலாச்சா லாவைத் தொட்டுவிட்டு, இரவு ஜிஸ்பாவுக்கே திரும்புங்கள். ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள். நிலச்சரிவு, மழை, பஞ்சர், தலைவலி, ஏதோ ஒன்று அந்த நாளைக் கேட்கும். எட்டாம் நாள் மணாலி, ஒன்பதாம் நாள் ஊர்.

இந்தத் திட்டத்தில் நீங்கள் ஒரு இரவுகூட 3,200 மீட்டருக்கு மேல் தூங்குவதில்லை. எந்த நேரத்தில் உடம்பு சரியில்லை என்றாலும் வந்த வழியே கீழே இறங்கலாம். இன்ஸ்டாவில் கர்துங் லா பலகையோடு போட்டோ இருக்காது, உண்மைதான். ஆனால் நாலா, சரளை, குளிர், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்திருப்பீர்கள்.

அடுத்த வருஷம் லேக்குக் கிளம்பும்போது லீவு அப்ளிகேஷனில் பதினைந்து நாள் என்று எழுதுங்கள். மேனேஜர் 'எதுக்கு இவ்வளவு?' என்று கேட்டால், அதில் மூன்று நாள் சும்மா உட்காரத்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.