ஓட்டம் கட்டும் தமனி

ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பி.எச்.இ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆஞ்சியோ எடுத்த டாக்டர், "ஒரு குழாய் முழுசா அடைச்சிருக்கு. ஆனா பக்கத்துக் குழாயிலிருந்து உங்க இதயமே சின்னச் சின்னக் கிளை விட்டிருக்கு. அதனாலதான் தப்பிச்சீங்க" என்றாராம். சொல்லிவிட்டு பைபாஸ் செய்துகொள்ளவும் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில், ஸ்டெம் செல் ஊசி போட்டால் புதுத் தமனி வளரும், நெஞ்சைத் திறக்கவே வேண்டாம் என்று ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "தானாகவே கிளை விடுகிற இதயத்தை ஊசி போட்டு இன்னும் கொஞ்சம் விடவைக்க முடியாதா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. உடலில் ஒரு தமனி எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அதைப் பார்க்கக் கோழி முட்டையை விடச் சிறந்த இடம் இல்லை. அடைவைத்த முட்டையை ஐந்தாறு நாள் கழித்து டார்ச் வெளிச்சத்தில் காட்டி, கரு கூடியிருக்கிறதா, கூமுட்டையா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பார்கள். உள்ளே செக்கச்செவேலென்று கிளைத்துக் கிடப்பவை ரத்தக் குழாய்கள். இன்னும் முன்னதாக, மூன்றாம் நாளிலேயே ஓட்டில் ஒரு சிறு சன்னல் வெட்டிப் பார்த்தால், மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்பு வலையும் அதன் நடுவே துடிக்கிற ஒரு துளியும் தெரியும்.

அந்த வலையின் முதல் வடிவத்தில் தமனியும் கிடையாது, சிரையும் கிடையாது. ஏறக்குறைய ஒரே பருமனுள்ள மெல்லிய குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அவ்வளவுதான். இரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கி ரத்தம் ஓட ஆரம்பித்ததும் வலையின் முகமே மாறுகிறது. ஓட்டம் மிகுந்த சந்துகள் அகலமாகின்றன. ஓட்டம் குறைந்தவை சுருங்கி மறைகின்றன. அகலமானவற்றைச் சுற்றித் தசைச் செல்கள் வந்து படிகின்றன. மரமும் கிளையுமாக நாம் பாடப் புத்தகத்தில் பார்க்கும் படம் அதற்குப் பிறகு வருவது.

ராமச்சந்திராபுரம் வழியாக மும்பை நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்க ஒற்றையடிப் பாதைகள் மட்டும் இருக்கின்றன. வண்டிகள் எந்தப் பாதையில் அதிகம் போகின்றனவோ அந்தப் பாதை தானாக அகலமாகிறது, தார் பூசிக்கொள்கிறது, தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கிறது. ஆள் நடமாட்டமில்லாத பாதையின் கற்கள் தாங்களே பெயர்ந்து, நெரிசலுள்ள சாலையை நோக்கி, அதுவும் வண்டிகள் வரும் திசைக்கு எதிராக, ஊர்ந்து போய்ச் சேர்ந்துகொள்கின்றன. கடைசி வரி மிகையில்லை. குழாயின் உட்படலச் செல்கள் ரத்த ஓட்டத்தின் உராய்வை உணர்ந்து, ஓட்டம் குறைந்த குழாயைக் கைவிட்டு, மிகுந்த குழாய்க்கு எதிர்நீச்சல் போட்டுப் போவதை எலியின் விழித்திரையில் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் காட்டினார்கள்.

ஓட்டத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு 2004இல் பாரிஸில் கோழிக் கருவில் நடந்த சோதனை ஒன்று போதும். லெ நோபிள், ஐக்மன் குழுவினர் மஞ்சள் கருவுக்குப் போகும் ஒரு தமனியின் ஓட்டத்தைத் தடுத்தார்கள். தடுத்த பக்கத்துத் தமனி சிரையாக மாறிப்போனது. ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் சிரையாக இருந்தது தமனியின் அடையாளங்களை எடுத்துக்கொண்டது. அதற்காக மரபணுவுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத்தின் தமனிகளில், ஓட்டம் வருவதற்கு முன்பே சில செல்கள் தமனியாவதென்று முடிவெடுத்துவிடுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டின் ரெட்-ஹார்ஸ் குழு 2018இல் கண்டறிந்தது. எடுத்த முடிவைக் குழாயாக்கி நிலைநிறுத்துவது ஓட்டம்.

வரலாறு சுருக்கமாக: துடிக்கும் துளியை அரிஸ்டாட்டில் பார்த்தார். ரத்தம் சுற்றி வருகிறது என்று ஹார்வி 1628இல் எழுதினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகியை மால்பீகி 1661இல் தவளையின் நுரையீரலில் கண்டார். ஓட்டத்தின் வேகம் குழாயின் அகலத்தைத் தீர்மானிக்கிறது என்று ஜெர்மானியரான தோமா 1893இலேயே சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் விட என்னை ஈர்த்தது, 2019இல் 'செல்' இதழில் வந்த ஒரு கண்டுபிடிப்பு. அதைச் செய்த சௌம்யஸ்ரீ தாஸ் அப்போது ரெட்-ஹார்ஸ் ஆய்வகத்தில் இருந்தார். இப்போது பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு நிறுவனத்தில் தனி ஆய்வகம் நடத்துகிறார். பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் இதயத் தமனியை அடைத்தால், சில நாட்களில் பக்கத்துத் தமனியிலிருந்து இணைப்புக் குழாய்கள் முளைத்துவிடும். பழைய குழாய் நீண்டு வளர்ந்து இணைகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. தமனிச் சுவரின் உட்படலச் செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியேறுகின்றன. ஏற்கெனவே இருக்கும் தந்துகிகளைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக ஊர்ந்து போகின்றன. போன இடத்தில் பெருகி, மறுபடி ஒன்றுகூடி, புதிய தமனியாகச் சேர்ந்து நிற்கின்றன. நெடுஞ்சாலையின் கற்கள் சந்துக்குள் நடந்து போய் அங்கே இன்னொரு சாலையாகப் படுத்துக்கொள்கின்றன என்று சொல்லலாம். உவமை இதற்கு மேல் தாங்காது.

அந்தச் செல்களை அழைப்பது ஒரு புரதம். சி.எக்ஸ்.சி.எல்.12 என்று பெயர். பிராணவாயு குறைந்த தந்துகிகள் அதைச் சுரக்கின்றன. தமனிச் செல் தன் மேலிருக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பியால் அதை உணர்ந்து புறப்படுகிறது. பிறந்து ஒரு வாரத்துக்குள் எலியின் இதயம் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறது. வளர்ந்த எலியில் இந்தப் புறப்பாடு தானாக நடப்பதில்லை. ஆனால் புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தபோது வளர்ந்த எலியிலும் இணைப்புக் குழாய்கள் உண்டாயின. ஸ்டெம் செல் எதையும் செலுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே தமனியாக இருந்த செல்லுக்கு ஓர் அழைப்பு போதுமானதாக இருந்தது.

அப்படியென்றால் தமனிச் சுவரில் ஸ்டெம் செல் இல்லையா? இருக்கிறது. தமனியின் வெளியுறையில் ஸ்டெம் செல் போன்ற முன்னோடிச் செல்கள் ஏராளம் என்று சிங்போ சூ குழு 2004இல் எலியில் காட்டியது. 2006இல் எர்குன் குழு மனிதத் தமனியில், நடுத்தசைக்கும் வெளியுறைக்கும் இடையிலுள்ள பகுதியில் அத்தகைய செல்களைக் கண்டது. அவர்கள் எடுத்துப் பார்த்தது மார்புக்கூட்டின் உள்தமனி. பைபாஸில் இதயத்தோடு இணைக்கிறார்களே, அதே குழாய். ஆய்வுக்கூடத் தட்டில் அதன் துண்டிலிருந்து புதிய குழாய்கள் முளைத்தன.

விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தட்டில் ஒரு செல் செய்வதை உடம்புக்குள்ளும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுவரிலுள்ள இந்தச் செல்களுக்கு நிரந்தர அடையாளம் குத்தி எலிக்குள்ளேயே தொடர்ந்து பார்த்த பின்ஜோ குழு, சாதாரணக் காயத்தின்போது அவை எட்டிப்பார்ப்பதில்லை, தமனி கடுமையாகச் சிதைந்தால் மட்டுமே தசைச் செல்களாக மாறி உதவுகின்றன என்று 2020இல் எழுதியது. நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள எலிகளில் வெளியுறையின் ஸ்டெம் செல் போன்ற செல்களே உள்ளே நுழைந்து, எலும்பு உண்டாக்கும் செல்களாகி, தமனியில் சுண்ணாம்பு படியவைக்கின்றன என்பது 2016இல் வந்த முடிவு. கட்டுகிற கை என்று நாம் கொண்டாடுவது அங்கே கெடுக்கிற கையாகவும் இருக்கிறது.

இந்தத் துறையில் ஏமாற்றங்கள் நிறைய. குழாய் வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தை 178 நோயாளிகளிடம் சோதித்த விவா ஆய்வில், 60ஆம் நாளில் டிரெட்மில் நடையில் அது மருந்தில்லாத ஊசியை விஞ்சவில்லை. இதயத்தில் ஸ்டெம் செல் கண்டதாகப் புகழ்பெற்ற பியரோ அன்வெர்சாவின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் ஹார்வர்டே கேட்டுக்கொண்டது. அந்தப் புகழை நம்பிப் பல நாடுகளில் நோயாளிகள் சோதனைக்கு உட்பட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

நம் நாட்டில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கால் தமனிகள் அடைத்து விரல் அழுகும் பர்கர் நோய் இருக்கிறது. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் எலும்பு மஜ்ஜைச் செல்களிலிருந்து தயாரித்த மருந்துக்கு அந்த நோயின் முற்றிய நிலைக்காக 2016இல் வரம்புக்குட்பட்ட அனுமதியும், 2020இல் முழு அனுமதியும் கிடைத்தன. அந்தச் செல்கள் தமனியாக மாறுவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அங்கிருக்கும் குழாய்களைத் தூண்டுகின்றன என்பதே விளக்கம். அனுமதி காலுக்கு, இதயத்துக்கு அல்ல.

ராமச்சந்திராபுரத்து வாசகருக்கு: உங்கள் இதயம் விட்ட கிளைகள் உண்மையானவை, உங்களைக் காப்பாற்றியவை. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம் மாடிப்படி ஏறும்போது பெரும்பாலும் போதாது. அதனால்தான் பைபாஸ் சொல்லியிருப்பார்கள். ஊசி என்று யாராவது வந்தால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் அரசுப் பதிவேடு அது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையைச் சோதனைக்கு வெளியே தரக் கூடாது, சோதனையில் சேர்பவரிடம் அதற்குப் பணமும் வாங்கக் கூடாது. எண் இல்லாமல் பில் மட்டும் நீட்டினால், அந்தத் தொகையை அறுவை சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.