ஒலித்த இடமும் பிழைத்த இடமும்

இலக்கணம் கற்பிப்பவனுக்கு லொறிச் சில்லோடு என்ன தொடர்பு என வாசக அன்பர்கள் வினவலாம். தொடர்பு 2023ஆம் ஆண்டு ஆவணியிலே உண்டாயிற்று. எம் கல்லூரிக்கு நன்கொடையாகக் கிடைத்த நூற்பெட்டிகளுடன் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி லொறியொன்றில் வந்துகொண்டிருந்தேன். சாரதி என் பழைய மாணாக்கன்.

நகரைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் முன்புறத்திலே உராயும் ஓசை எழுந்தது. “பிறேக் லைனிங் தேஞ்சு போச்சு, மாத்தினால் சரி” என்றான் கிளீனர். யானும் தலையசைத்தேன். சாரதி மட்டும் இசைந்தானல்லன். “பொறுங்கோ ஐயா. முன்னுக்கு மாத்தளை இறக்கம். சத்தம் எப்ப வருகுது, எப்ப நிக்குது எண்டு முதலிலை கேப்பம்” என்றான்.

சமதரையிலே மெல்ல ஓட்டினான். பிறேக்கை மிதியாதபோதும் ஓசை இருந்தது. அதனூடே தாழ்ந்து முரலும் மற்றோர் ஓசையும் கேட்டது. வேகம் கூட அதுவும் கூடிற்று. இடப்புறம் திரும்புங்கால் மிகுந்தது. வலப்புறம் திரும்புங்கால் தணிந்தது. இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச் சில்லின்மேற் சாயுமாதலால், பிழை வலப்பக்கத்தது என்றான்.

பின்சில்லுகளுக்கு அடைகொடுத்து, முன்புறத்தை ஜாக்கினால் உயர்த்தி, வலச் சில்லை மேலுங்கீழும் பற்றி அசைத்தான். ஆடிற்று. அப்பொழுதும் முடிவுகட்டவில்லை. கிளீனரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்தான், ஆட்டம் நின்றது. “இப்பவும் ஆடியிருந்தால் கிங்பின் தேய்வு. நிண்டபடியால் பெயாரிங்தான், ஐயா.”

அண்மையிலிருந்த கராச்சிலே கழற்றிப் பார்த்தோம். பெயாரிங் உருளைகள் குழிவிழுந்திருந்தன, கிறீஸ் கருகியிருந்தது. சில்லு தளர்ந்து சாயவே, அதனோடிணைந்த பிறேக் டிரம் லைனிங்கிலே உராய்ந்திருக்கின்றது. லைனிங்கோ போதிய தடிப்புடன் இருந்தது. அதனை மட்டும் மாற்றிக்கொண்டு அவ்விறக்கத்திலே இறங்கியிருப்போமாயின் என்னவாகியிருக்கும் என எண்ணவே நெஞ்சு நடுங்கிற்று.

புதிய பெயாரிங்கைப் பூட்டியபின், சில்லைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, பின்பு சிறிது தளர்த்திப் பின் செருகினான். “முற்ற இறுக்கினால் சூடேறிக் கருகிப்போம், தளர விட்டால் ஆடும், ஐயா.” மாத்தளை இறக்கத்திலே லொறி ஓசையின்றி இறங்கிற்று.

எனக்கோ உறக்கம் வரவில்லை. இவனுடைய கட்டுரைத் தாள்கள் நினைவில் எழுந்தன. ‘மழை’யை ‘மளை’ என்றும் ‘வாழை’யை ‘வாளை’ என்றும் எழுதுவான். ஒவ்வொரு முறையும் சிவப்பு மையாற் சுழித்தேன். நூறுமுறை எழுதுக என ஏவினேன். அவன் அச்சொற்களை எவ்வாறு ஒலிக்கின்றான் என ஒருநாளேனும் கேட்டேனல்லேன். பிழை ஒலித்த இடம் தாள். பிழைத்த இடம் அவன் செவியும் நாவும்.

இப்பொழுது பிழை மலிந்த தாளொன்று கைக்கு வரின், பேனையை எடுக்குமுன் மாணாக்கனை அழைத்து, உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கின்றேன்.