குப்பைக் குத்தகையும் குடியானவர் எருவும்

கண்மாய் மீன்பாசி, புளியமர மகசூல், வாரச்சந்தை வசூல் ஆகியவை ஏலத்தில் விடப்படுவதைக் கம்பம் பள்ளத்தாக்கில் யாவரும் அறிவர். இவற்றில் அதிகத் தொகை கேட்பவருக்கே குத்தகை கிடைக்கும். பொதுநிதிக்கு வரவு உண்டு. ஆனால் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து, விலைபோவதை விற்று, மக்குவதை எருவாக்கும் நிலையங்களை நடத்துவதற்கான ஒப்பந்தம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கே பணம் கொடுப்பது ஸ்தல ஸ்தாபனம். குறைந்த தொகை கேட்பவரே முந்துகிறார். ஆகையால் தொகையை மட்டும் நோக்கி ஒப்பந்தம் அளிப்பின், மிச்சமாகும் பணத்தினும் பெரிய நஷ்டம் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நேரக்கூடும்.

குடியானவருக்கு இதில் என்ன?

தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஆறு நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் தேனி ஜில்லாவில் உள்ளன. இவற்றுட் பல, 1895-ம் வருஷத்தில் பெரியாறு அணை முடிந்தபின் செழித்த பாசன நிலங்களை ஒட்டியவை. ஊர்க்குப்பை வாய்க்காலில் விழுந்தால் மடை அடைபடும். ஆற்றில் விழுந்தால் வைகை அணை வரை செல்லும். மறுபுறம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும், வாழையும், தென்னையும் எருவை மிகுதியாக வேண்டும் பயிர்கள்.

ஊர்க்கழிவை எருவாக்கும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆல்பர்ட் ஹோவார்டு என்பார் இந்தூரில் ஆராய்ந்து கண்ட கம்போஸ்ட் முறையை 1931-ல் நூலாக வெளியிட்டார். நகரக் குப்பைக்கு ஏற்ற பெங்களூர் முறை அதன்பின் வகுக்கப்பட்டது. அன்றைய குப்பையில் பிளாஸ்டிக்கும் பாட்டரியும் அரிது. இன்றோ, தரம் பிரியாத குப்பையிலிருந்து வரும் எரு, கண்ணாடித் துண்டையும் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களையும் நிலத்தில் சேர்த்துவிடும். சேர்ந்தபின் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

எதற்குக் கூலி?

ஒப்பந்தத்தின் உயிர்நிலை இக்கேள்வியிலேயே உள்ளது. சென்னை மாநகராட்சி 2000-ல் மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தபோது டன் கணக்கில் கூலி வகுத்தது. அள்ளும் எடைக்குக் கூலியென்றால், குப்பையைக் குறைப்பதிலும் பிரிப்பதிலும் ஒப்பந்தக்காரருக்கு லாபமில்லை. 2020-ல் அந்நகரின் பல மண்டலங்களுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தம், எடைக்குப் பதிலாகப் பணியின் தரத்தை அளவிட்டுப் பணம் தரும் முறையைக் கொண்டது.

இன்னொரு தந்திரமும் உண்டு. அட்டை, இரும்பு, பாட்டில் ஆகியவை உடனே காசாகும். ஈரக்கழிவை மக்கவைப்பதில் செலவே முந்தும். காசாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஊர்ப்புறத்தில் கொட்ட இடங்கொடுக்கலாகாது. ஆகவே இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் பிணைத்து, கொட்டப்படும் மிச்சத்திற்கு ஏற்பக் கூலியில் பிடித்தம் செய்தல் நலம்.

சட்டம் இடந்தருகிறது

குறைந்த தொகை கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டும் என்று பலர் கூறுவது முழு உண்மையன்று. 1998-ம் வருஷத்திய தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, டெண்டர் பத்திரத்தில் முன்னரே குறிக்கப்பட்ட, அளவிடத்தக்க அம்சங்களையும் அவற்றின் மதிப்பையும் கொண்டே குறைந்த டெண்டர் எது என்று தீர்மானிக்கப்படும். பத்திரத்தில் இல்லாததைப் பின்னர் புகுத்த முடியாது. எனவே தரத்தைப் பற்றிய ஷரத்துக்கள் டெண்டர் விளம்பரத்திற்கு முன்பே பத்திரத்தில் ஏற வேண்டும்.

கவனிக்க வேண்டிய ஷரத்துக்கள்

1. வரும் குப்பை, விற்ற பொருள், தயாரான எரு, கொட்டிய மிச்சம் ஆகிய நான்கையும் தினமும் நிறுத்துப் பேரேட்டில் பதிதல். ஈரக்கழிவு மக்கி உலரும்போது எடை வெகுவாகக் குறையும். 500 கிலோ பச்சைக் கழிவுக்கு 500 கிலோ எரு என்று கணக்கிருந்தால், மண் கலந்ததோ பொய்க்கணக்கோ என்று ஐயுற வேண்டும்.

2. எருவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி சோதித்தல். நகரக் கம்போஸ்டில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும், ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்பது அவ்வாணையின் அளவு.

3. கையுறை, முகமூடி, தவறாத கூலி ஆகியவற்றைத் தொழிலாளருக்கு அளித்தல். முன்பே குப்பை பொறுக்கிப் பிழைப்போரை வேலையில் சேர்த்தல். இவர்கள் கையே தரம் பிரிக்கிறது. இவர்களை வஞ்சித்தால் எருவும் கெடும்.

4. எருவின் விலையையும், உள்ளூர் விவசாயிகளுக்குரிய முன்னுரிமையையும் எழுத்தில் குறித்தல்.

வீட்டிலேயே தரம் பிரித்தலை 2016-ம் வருஷத்திய திடக்கழிவு விதிகள் கட்டாயமாக்கின. வீட்டார் கலந்து கொடுத்தால் எந்த ஒப்பந்தக்காரராலும் நல்ல எரு தர இயலாது. ஆதலால் மிராசுதார்கள் தம் இல்லத்தில் இப்பழக்கத்தைத் தொடங்குவதோடு, எருவை வாங்குமுன் ஒரு கூடையைச் சலித்துப் பார்ப்பார்களாக. கிராம சபையில் எடைப் பேரேட்டைக் கேட்பது உறுப்பினர் உரிமை. அதைக் காட்டுவது அதிகாரிகளின் கடமை. கூலி கொடுப்பது நம் வரிப்பணம். எருவை ஏற்பது நம் நிலம். இரண்டையும் காக்கும் ஒப்பந்தமே ஊருக்கு மலிவான ஒப்பந்தம்.