அணில் தொப்பி: குளிர்காலத்துக்கு ஒரு கைவேலை

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளி வைத்ததும், இந்நாட்டில் பிள்ளை வளர்க்கும் எமது தாய்மாருக்குக் கவலை தொடங்கிவிடுகிறது. மார்கழியிலோ கேட்கவே வேண்டாம். திருவெம்பாவைப் பூசைக்கென்று விடியமுன் எழுந்து பிள்ளைகளையும் போர்த்துக்கொண்டு புறப்படுகிறோம். லண்டனில் அந்நாட்களில் சூரியன் உதிப்பது காலை எட்டு மணிக்குப் பின்னர்தான். ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகும் அந்த ஏற்றத்தில் வீசும் காற்று, பெரியவர்களின் காதையே மரக்கப் பண்ணும். தோளில் கிடக்கும் சின்னஞ்சிறிசுகளின் காது என்ன பாடுபடும்?

ஆகவே தொப்பி. கரடிக் காது வைத்தது, பூனை மீசை வைத்தது, முயல் காது தொங்குவது என்று கடைகளில் நிறையவே தொங்குகின்றன. வெறும் தொப்பியைப் போட்டால் இழுத்தெறியும் பிள்ளை, காது வைத்த தொப்பியென்றால் கழற்ற மறுக்கும். இது தாய்மார் அனைவரும் அறிந்த இரகசியம். ஆனால் எந்த மிருகம்? ஆங்கிலேயருக்கு ஆந்தை அறிவின் சின்னம். எங்கள் அப்பம்மா ஒருவரின் முன்னால் பேரனுக்கு ஆந்தைத் தொப்பி போட்டுப் பாருங்கள்! யானை நல்லதுதான், ஆனால் தும்பிக்கை மூக்கில் இடிக்கும். என் தெரிவு அணில்.

இங்கே பூங்காக்களில் ஓடித்திரியும் சாம்பல் அணிலைச் சொல்லவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது, முதுகில் கோடில்லாதது. நான் சொல்வது எங்கள் தென்னையிலும் பனையிலும் ஏறும் முக்கோட்டு அணில். சேது கட்டும்போது நீரில் தோய்ந்து மணலில் புரண்டு மணல் சுமந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையிலே பாடியிருக்கிறார். இராமபிரான் தடவிக்கொடுத்த மூன்று விரல்களின் அடையாளமே முதுகுக் கோடு என்பது மக்கள் வழங்கும் கதை. தொப்பியைப் போட்டுவிடும்போதே சொல்லி முடித்துவிடக்கூடிய கதை அது. தவிரவும், முகம் வைத்துத் தைக்கும் மிருகங்களைவிட மூன்று கோடு போடுவது கைக்கும் சுலபம்.

முதலில் நூல். டபிள் நிற்றிங் என்று சுற்றுத்தாளில் போட்டிருக்கும் நடுத்தர மொத்த நூல் வேண்டும். சாம்பல் கலந்த மண்ணிறத்தில் 100 கிராம் பந்து ஒன்று எடுத்தால் மீதியும் வரும். கோட்டுக்கு வெண்ணிறத்தில் சிறிது போதும். மலிவென்று பலரும் அக்றிலிக் நூலை வாங்குகிறார்கள். இயந்திரத்தில் தோய்க்கலாம், கடிக்காது, எல்லாம் சரி. ஆனால் அது நெருப்புப் பட்டால் எரிந்து உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக் கம்பளியோ இலகுவில் தீப்பற்றாது, பற்றினாலும் பரவாமல் அணையும் இயல்புடையது. வீட்டிலே விளக்கும் கோயிலிலே கர்ப்பூரத் தட்டும் உள்ள எங்களுக்கு இது சிறிய விஷயமல்ல. இடுப்பில் இருக்கும் பிள்ளை ஒளியைக் கண்டதும் எட்டிப் பாயும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இயந்திரத்தில் தோய்க்கத் தக்கதாகப் பதப்படுத்திய கம்பளி நூலும் கடைகளில் உண்டு, விலை கூடத்தான். ஒரு தொப்பிக்குத் தானே, அதையே வாங்குங்கள். சாதாரணக் கம்பளியென்றால் சுடுநீரில் போட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் அது பொம்மைக்குத்தான் பொருந்தும்.

ஊசி 4 மில்லிமீற்றர். அம்மாவின் பழைய தையற்பெட்டியிலிருந்து எடுப்பவர்கள் அதில் 8 என்ற இலக்கத்தைத் தேடவேண்டும். பழைய பிரித்தானிய இலக்கங்கள் தலைகீழானவை: இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். 6 என்று போட்டிருப்பது 5 மில்லிமீற்றர். இதைவிடப் பெரிய குழப்பம் பெயர்களில் உண்டு. இங்கிலாந்தில் டபிள் குறோஷே எனப்படுவதையே அமெரிக்காவில் சிங்கிள் என்கிறார்கள். இங்கே ட்ரெபிள், அங்கே டபிள். ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் அனுப்பிய குறிப்பைப் பார்த்து இங்கத்தைய முறைப்படி பின்னினால், பிள்ளைக்கென்று தொடங்கியது பொம்மைக்கு அளவாகச் சிறுத்து வந்து முடியும். குறிப்பு எந்த நாட்டு முறை என்று முதலில் பாருங்கள். கீழே நான் தருவது பிரித்தானிய முறை.

தொப்பியின் உடல் முழுவதும் அரை ட்ரெபிள். ட்ரெபிளில் விரைவாக முடியும், ஆனால் கண்ணிகளுக்கிடையில் காற்றுப் புகும். டபிள் நெருக்கமானது, ஆனால் விறைத்து நிற்கும். பிள்ளையின் தலையை நெற்றிக்கு மேலாகச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மூன்று வயதில் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் வரும். தொப்பி அதைவிட மூன்று சென்ரிமீற்றர் குறைவாக இருந்தால்தான் காதைப் பிடித்து நிற்கும். 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 17 கண்ணி வருமாறு உங்கள் கை அமையவேண்டும். முன்னதாகச் சிறு துண்டு பின்னி எண்ணிப் பாருங்கள். கண்ணி கூடினால் ஊசியை மொத்தமாக்குங்கள், குறைந்தால் மெல்லிசாக்குங்கள்.

நாலு சங்கிலி போட்டு வளையமாக்கி, அதற்குள் எட்டு அரை ட்ரெபிள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 16. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, ஆக 24. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் எட்டுக் கண்ணி கூட்டிக்கொண்டே போனால் பத்தாம் சுற்றில் 80 வரும். அதுவரை அது தோசைபோலத் தட்டையாகக் கிடக்கவேண்டும். விளிம்பு அப்பம்போல மேலெழுந்தால் கண்ணி கூட்டத் தவறியிருக்கிறீர்கள். சுருக்குத் தைத்த பாவாடைபோல அலையடித்தால் அளவுக்கு மிஞ்சிக் கூட்டியிருக்கிறீர்கள். 80 வந்த பின் கூட்டாமல் பத்துச் சுற்று. அப்போது அப்பமாகவே வரவேண்டும். தலையில் போட்டுப் பார்த்து, புருவத்துக்கு எட்டாவிட்டால் இன்னும் இரண்டு சுற்று.

காதுமூடி இல்லாத தொப்பி லண்டன் குளிருக்குத் தொப்பியல்ல. 80 கண்ணியில் நெற்றிப் பக்கம் 34, பிடரிப் பக்கம் 18 விட்டு, இரு பக்கமும் 14 கண்ணி எடுத்து, வரிசைக்கு இரண்டாகக் குறைத்துக்கொண்டு நாலு கண்ணி வரை பின்னுங்கள். இரட்டைப் பின்னல் போட்ட பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் அந்த மூடியின் பின்னால் அழகாக இறங்கும்.

அணிலின் காது சிறியது. டபிள் குறோஷேயில் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு என்று நாலு சுற்றில் ஒரு வட்டம் பின்னி, இரண்டாக மடித்துத் தைத்தால் ஒரு காது. கோட்டுக்கு, முன்விளிம்பிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை எட்டும் நீளத்துக்கு வெண்ணூலில் சங்கிலி போட்டு, அதன்மேல் ஒரு வரிசை டபிள். இப்படி மூன்று. தைக்கும்போது இழுத்துத் தைக்காதீர்கள். தொப்பி விரியுமிடத்தில் கோடும் விரியவேண்டும். கிண்ணமொன்றைக் கவிழ்த்து அதன்மேல் தொப்பியை மாட்டிவைத்துத் தைத்தால் அளவு பிழைக்காது. வால் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். நான் வைப்பதில்லை. கதவிலும் ஊஞ்சலிலும் மாட்டும்.

கன்னத்தடியில் கட்டும் கயிறும் வேண்டாம். பிள்ளைகளின் மேலாடைத் தலைமூடியில் இழுகயிறு வைத்து விற்பதை இந்நாட்டுச் சட்டம் 1976 இலேயே தடைசெய்தது. வீட்டில் பின்னும் தொப்பி அச்சட்டத்தில் அகப்படாது. ஆனால் சறுக்குமரத்தில் கயிறு மாட்டினால் கழுத்து இறுகுவது ஒன்றுதான். கண்ணுக்குப் பொத்தான் தைக்காமல் கறுப்பு நூலாலேயே வேலை செய்துவிடுங்கள். பிய்ந்த பொத்தான் நேரே வாய்க்குத்தான் போகும்.

இனி, மூத்தவர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்று. கைக்குழந்தையின் தலையை எந்நேரமும் மூடிவைப்பது எங்கள் வழக்கம். பிறந்த பிள்ளைக்குத் தலையே உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு; வெளியில் மூடத்தான் வேண்டும். ஆனால் அதே காரணத்தால், உள்ளே வந்தபின் மிஞ்சிய சூடு வெளியேறுவதும் அந்தத் தலை வழியாகத்தான். சூடேற்றிய வீட்டில் தொப்பியோடு உறங்கும் சிசுவுக்கு உடல் அளவுமீறிச் சூடாகலாம். தொட்டில் மரணத்துக்கு ஏதுவானவற்றுள் அதுவும் ஒன்று. பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைக்கும்படியும் அதிகம் போர்த்தாமலிருக்கும்படியும் 1991 இல் இந்நாட்டில் பிரசாரம் தொடங்கிய பின்னர் அத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. வீட்டுக்குள்ளோ, சூடான பஸ், ரெயில், காருக்குள்ளோ வந்ததும், நித்திரை குழம்பினாலும் பரவாயில்லை, தொப்பியைக் கழற்றிவிடுங்கள் என்பதே தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. கோயில் வாசலில் செருப்போடு தொப்பியையும் கழற்றும் பழக்கம் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

பழகிய கைக்கு இவ்வளவும் மூன்று மாலை வேலை. இங்கேதான் என் மனத்திலுள்ள ஒன்றைச் சொல்லவேண்டும். நிற்றிங்கை இயந்திரம் செய்கிறது; குறோஷேயைக் கடைச் சரக்காகச் செய்து தள்ளும் இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குறோஷேத் தொப்பியும் எங்கோ ஒரு பெண்ணின் விரலால் ஆனது. ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நரசாப்பூரில் மிஷனரிமார் பழக்கிய குறோஷே லேஸ் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அதைச் செய்யும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் எழுதிய நூல் 1982 இல் இதே லண்டனில் வெளியாயிற்று. அவர் கண்டது இதுதான்: வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்ததனாலேயே அவர்களுக்குக் கூலி மிகக் குறைவாகக் கொடுக்க முடிந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1819 இல் நாகர்கோயிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தாருள் மார்த்தா மால்ற் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பழக்கினார். அது குறோஷே அல்ல. காலிப் பக்கத்துப் பீரலு போலத் தலையணைமேல் மரக்குச்சிகளால் பின்னுவது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டே தம்மை மீட்டுக்கொண்டனர். கால்டுவெல் ஐயரை மணந்த அவரது மகள் எலைசா அந்தக் கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

எங்கள் நடுவிலும் நன்றாகப் பின்னும் அம்மாமார் இருக்கிறார்கள். “சும்மாதானே இருக்கிறீர்கள் அன்ரி, எங்கடை பிள்ளைக்கும் ஒன்று” என்று கேட்டு, நூற்காசை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறோம். பேத்திக்குப் பின்னுவது வேறு, அதற்கு விலையில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மாலை இருந்து பின்னினால், அந்த மணித்தியாலங்களுக்கும் கொடுக்கவேண்டும். வாங்க மறுப்பார்கள், வற்புறுத்திக் கொடுங்கள். கொடுக்க வசதியில்லாதவர்கள் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்ளலாம், அவர்களுக்கும் பேச்சுத்துணையாகும்.

கடைசியாக, தொப்பியின் உட்புறப் பிடரியில் ஒரு நாடாத் துண்டில் பிள்ளையின் பெயரை எழுதித் தைத்துவிடுங்கள். பூசை முடிந்து எல்லோரும் போனபின் மண்டபத்தில் ஒற்றையாகக் கிடக்கும் தொப்பிகள் எத்தனையென்று, கூட்டித் துடைக்கும் தொண்டர்களைக் கேட்டால் தெரியும்.