சக்கரத்துக்குள் இறுகும் எண்ணெய்

கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஆலைக்குப் போகிறது. அத்தனை டன் பாரமும் கடைசியில் வந்து இறங்குவது சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும் சிறு உருளைகள் மேல்தான். ஒரு முனை தடித்து, மறுமுனை சிறுத்த உருளைகள். மேலிருந்து அழுத்தும் எடையையும் வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்தே தாங்குவதற்காக இந்த வடிவம். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898-இல் இந்த உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்.

நல்ல நிலையில் ஓடும் பேரிங்கில் உருளையும் அது உருளும் தடமும் ஏறக்குறைய தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் எண்ணெய்ப் படலம். அதன் பருமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானைத் தாண்டாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியது பிதுங்கி ஓடிவிடாதா? ஓடத்தான் பார்க்கும். ஆனால் பாரம் முழுவதும் மெல்லிய கோடு போன்ற இடத்தில் குவிவதால், அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 10,000 மடங்குக்கு ஏறிவிடும். கடலின் மிக ஆழமான இடத்திலேயே அது சுமார் 1,100 மடங்குதான். அந்த நெருக்கடியில் எண்ணெய் ஓட வழியின்றி இறுகி, கண் இமைப்பதற்குள் திடப்பொருளாகவே நடந்துகொள்கிறது. எஃகும் லேசாகத் தட்டையாகிறது. உருளை கடந்ததும் இரண்டும் பழையபடி.

அப்படியானால் கிரீஸ் எதற்கு? அது வெறும் கிட்டங்கி; சரக்கு எண்ணெய்தான். கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய். மிச்சம், அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் சோப்பு இழைகள். பரவலாகப் புழங்கும் லிதியம் கிரீஸில் அந்தச் சோப்பு பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பமிலத்தால் ஆனது. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசிய ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே ஹப் நிறைய கிரீஸை அடைத்துப் பயனில்லை; வீணாகக் கடைபட்டுச் சூடுதான் ஏறும். கிரீஸ் உருளைகளுக்கு நடுவே போய்ச் சேர வேண்டும். பேரிங்கை டீசலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப்பார்க்கும்வரை ஒவ்வொரு உருளைக்கும் இதேதான். (கழுவிய பேரிங்கைக் காற்றடித்து விர்ரெனச் சுற்றவிடுவது சில பட்டறைகளில் ஒரு விளையாட்டு. படலமில்லாமல் சுற்றினால் தடம் கீறும். உருளை தெறித்துக் கண்ணிலும் படலாம்.) தடத்தில் சிறு குழியோ நீலம்பாய்ந்த சூட்டுத் தழும்போ தெரிந்தால் கழுவியும் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பழைய கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய சக்கரத்தை உடனே வாய்க்காலில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குவதில் என்ன நஷ்டம்?

கடைசி வேலை நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, காட்டர் பின்னைப் போட்டு மடக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியதும் ஹப்பின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், நட்டு அதிகம் இறுகியிருக்கிறது.