அடுப்பும் விறகும்

குளிர்நாட்டார்க்கு நெருப்பு உறையுளை வெம்மைப்படுத்துவது. நமக்கோ அஃது உணவை ஆக்குவது. மார்கழிப் பனியிற் சருகு கூட்டிக் குளிர்காயும் சிறுபொழுதை ஒழித்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக்கு வெப்பமூட்டும் தேவை இல்லை. ஆயினும் விறகை ஈட்டி, உலர்த்தி, அடுக்கி, எரித்துப் பயன்கொள்வதில் உண்டாகும் மனநிறைவு இரு நாட்டார்க்கும் பொதுவேயாம். அஃது எதனால் விளைகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் குடாநாடு பெருங்காடு இல்லாதது. பாலை, வீரை முதலிய வைர விறகுகள் வன்னியிலிருந்தே நம் விறகுகாலைகளுக்கு வந்தன. அவற்றை விலைகொடுத்து வாங்க இயலாத வீட்டின் அடுப்பைக் காத்தது பனையே. உயிர்மரத்திற் கோடரி படாமலே அது காவோலை, மட்டை, பன்னாடை, பாளை என எரிபொருள் தருகின்றது. பாத்தியிற் கிழங்கு கிண்டியபின் எஞ்சும் ஊமலும் வீண்போவதில்லை. பற்றவைக்கக் காவோலை, கொதிக்கவைக்க மட்டை, நின்றெரியும் தணலுக்கு ஊமல் என ஒவ்வொன்றின் குணமறிந்து இடுவது நம் தாய்மார் கைவந்த கலை.

விறகை உலர்த்துவதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காண்போம். பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அத்தகைய விறகு ஒரு கிலோகிராமில் உள்ள மரப்பொருள் எரிந்து ஏறத்தாழ 2,250 கிலோகலோரி வெப்பந் தரும். அதிலுள்ள அரைக் கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 300 கிலோகலோரி செலவாகும். ஏழிலொரு பங்கு இவ்வாறு கழிவதேயன்றி, நெருப்பின் வெம்மையுந் தாழ்கின்றது. ஆதலாலேயே ஐப்பசி மாரிக்கு முன் விறகைப் பிளந்து, காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கிவைப்பர். அடுக்கிய விறகைக் காணுந்தோறும் தோன்றும் நிறைவு, வருநாளுக்கு வேண்டியதை முன்னரே தேடிக்கொண்டவனது நிறைவாகும்.

இனி, சுவாலையாய் எரிவது பெரும்பாலும் விறகன்று. சூடேறிய விறகிலிருந்து வெளிப்படும் வாயுக்களே. அவை எரியப் போதிய காற்று வேண்டும். அடுப்புநிறைய விறகைத் திணித்தாற் காற்றுத் தடைப்பட்டு, அவ்வாயுக்கள் எரியாது புகையாய்ப் போகும். ஆகவே புகை என்பது நாம் இழந்த எரிபொருளே.

அப்புகை பொருளிழப்பு மாத்திரமன்று. வீட்டினுள் எரியும் அடுப்புக்களாலும் விளக்குகளாலும் மாசடைந்த காற்றினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் சுவையைப் புகழ்வோர், ஊதுகுழலுடன் கண்ணெரிய அமர்ந்திருந்த அன்னையின் நெஞ்சையும் நினைத்தல் வேண்டும். புகைக்கூடும், காற்றோட்டமும், உலர்ந்த விறகும் அவளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும். இலங்கையில் 1980களில் உருவாக்கப்பட்ட, இரு பானை வைக்கத்தக்க 'அனகி' மண்ணடுப்பு, விறகைச் சுருக்கும் நோக்குடன் எழுந்ததே.

விறகடுப்புப் பழங்கதை ஆயிற்று என்பார்க்கு நம் வரலாறே விடை கூறும். 1990 ஆம் ஆண்டு ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் அரிதாயிற்று. அவ்விரு காலத்தும் பல வீடுகளிற் சோறு வெந்தது விறகின் துணையாலேயே. ஆனால் போர்க்காலத்தில் அடுப்புக்கு ஓலை தந்த பனைகளும் பெருந்தொகையாய் அழிந்தன.

எனவே எரிவாயு வாய்த்தார் அதனைப் பயன்கொள்க. விறகின் அறிவையும் மறவாதொழிக. நன்கு எரியும் அடுப்பின்முன் நாம் அடையும் மனநிறைவு, பிறர் கையை எதிர்பாராது நம் மண் தந்ததைக்கொண்டு வாழ்தலின் மனநிறைவே. அது நம் பின்னோர்க்கும் வாய்க்கவேண்டுமாயின், எரித்த காவோலைக்கு ஈடாக ஒரு பனங்கொட்டையை நாட்டுதல் நம் கடமையாகும்.